வழக்கு காத்த தோப்பு

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் இன்று ஒரு புதிய லாட்ஜ் நிமிர்ந்து நிற்கிறது. அது நிற்கும் இடத்தில் அண்மைக் காலம் வரை ஒரு மாந்தோப்பு இருந்தது. அத்தோப்பைக் காத்து வந்தது அரசு அன்று. மரம் நடுவோர் சங்கங்களும் அல்ல. உடன்பிறந்தார் இருவர் ஒருவர்மேல் ஒருவர் தொடுத்திருந்த பாகப்பிரிவினை வழக்கே அதைக் காத்தது. முள்வேலியை ஆடு தாண்டும். மதிற்சுவரைக் குரங்கு தாண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கை எந்தக் கட்டட முதலாளியும் தாண்டியதாக நான் கேள்வியுற்றதில்லை. அந்த வேலி எவ்வாறு ஒரு வாய் வெற்றிலையால் வீழ்ந்தது என்பதை, உண்மை அறிந்த மூவருள் ஒருவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நான் பள்ளியில் நெடுங்காலம் தங்கியவன் அல்லன். ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் சேர்ந்து, பின்னர் அதையே சொந்தமாக்கிக்கொண்டு, திருமண அழைப்பிதழ்களையும் இரங்கல் அறிவிப்புகளையும் அச்சிட்டே தமிழ் கற்றவன். ஆகவே என் நடையில் மங்களமும் துக்கமும் சற்றே மிகுந்திருக்கும். பொறுத்தருள்க.

என் வீட்டுக் கொல்லைச் சுவரே அத்தோப்பின் மேற்குச் சுவர். அச்சுவரில் ஒரு சிறு கதவும் உண்டு. தோப்பினுள் மாமரங்களும், இரண்டொரு பலாவும், பாழடையாத ஒரு கிணறும் இருந்தன. சீசன் காலத்தில் குற்றாலச் சாலை எப்படி இருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. வேன்களின் ஹாரனும், அருவிக்குப் போகும் முன்பே துண்டைக் கட்டிக்கொண்டு கூச்சலிடும் வெளியூர் இளைஞர்களும், மங்குஸ்தான் விற்போரின் ஒலிபெருக்கியும் சேர்ந்து காதைப் பிய்க்கும். தோப்புக்குள் நுழைந்தால் அத்தனையும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடும். சாரல் ஓய்ந்த பின்பும் மாவிலைகள் தங்கள் பங்குக்கு மீண்டும் ஒருமுறை பெய்து முடிக்கும். அந்த இரண்டாம் மழையின் ஓசையைக் கேட்பதற்காகவே நான் மதிய உறக்கத்தைத் தியாகம் செய்ததுண்டு.

தோப்பின் உரிமையாளர் இருவர். மூத்தவர் காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவரை ஏட்டையா என்று அழைப்பார்கள். இளையவர் விவசாயி; சுந்தரபாண்டியபுரத்தில் அவருக்குச் சூரியகாந்தி வயல் உண்டு. பூக்கும் பருவத்தில் அவ்வயலுக்குள் புகைப்படம் எடுக்க இறங்குவோரை விரட்டி விரட்டியே அவருடைய கால்கள் உரமேறியிருந்தன. நான் இவர்களைப் பெரியவர், சின்னவர் என்றே குறிப்பிடுவேன்.

தந்தையார் மறைந்ததும், கிணறு யார் பங்கில் விழுவது என்பதில் பூசல் மூண்டது. அப்பூசல் தொடக்கத்தில் முற்றிலும் நேர்மையானது. இருவரும் மனமார வெறுத்தனர். வழக்கு நீதிமன்றம் ஏறியது. முடிவு வரும்வரை இருவரில் எவரும் மரம் வெட்டவோ, கட்டடம் எழுப்பவோ, விற்கவோ கூடாது என்று இடைக்கால உத்தரவும் வந்தது. ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகள். நல்லது கெட்டதற்குப் போக்குவரத்து நின்றது. பெரியவர் வீட்டில் வடை சுட்டால் சின்னவர் வீட்டில் சன்னலைச் சாத்தினார்கள்.

இந்நிலையில் ஒரு நாள் பிற்பகல், தோப்பிலிருந்து சிரிப்பொலி கேட்டது. நான் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். பெரிய மாமரத்தின் வேரில் பெரியவர் வாசலை நோக்கி அமர்ந்திருந்தார். வாசலை நோக்கி அமர்வது காவல் துறை அவருக்கு விட்டுச் சென்ற பழக்கம். அவர் முதுகுக்குப் பின்னால், அதே வேரின் மறுபுறத்தில் சாய்ந்தபடி சின்னவர் அமர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாரும்வே அச்சாபீசுக்காரரே," என்றார் பெரியவர், திரும்பிப் பாராமலே. "பாத்துட்டீரா? பாத்தாச்சுன்னா இங்கன வந்து உக்காரும். வெளிய போயி வாயத் தொறந்தீரு, உம்ம மேலயும் ஒரு கேசு போட்டிருவேன்."

"என் மேல் என்ன வழக்கு, ஏட்டையா?"

"அடுத்தவன் சந்தோசத்தச் சுவரேறி எட்டிப் பாத்ததுக்கு."

நான் சுவரேறவில்லை, கதவு வழியாகவே வந்தேன் என்று எடுத்துரைத்தேன். அது அடுத்த வாய்தாவில் பேசிக்கொள்ளலாம் என்றார்.

நடந்தது இதுதான். மாம்பழக் காலத்தில், தம்பி திருடிவிடுவான் என்று அண்ணனும், அண்ணன் திருடிவிடுவான் என்று தம்பியும் ஒரே நாளில் காவலுக்கு வந்திருக்கிறார்கள். சாரல் வலுத்தது. இருவரும் வேறு வழியின்றி ஒரே மரத்தடியில் நின்றார்கள். அண்ணன் தும்மினார், தம்பி துண்டைக் கொடுத்தார். மழை விடுவதற்குள் பகை தீர்ந்துவிட்டது. நாளையே வக்கீலிடம் சொல்லி வழக்கை முடித்துவிடுவோம் என்று பெரியவர் சொல்ல, சின்னவர்தான் தடுத்தாராம்.

"முடிஞ்சா என்ன ஆவும்னு யோசிச்சியாண்ணே? பெங்களூர்ல ஒம் மவன் வாராவாரம் போன்ல என்ன கேக்கான்? 'அந்த எடத்தக் குடுத்துருவோமேப்பா'ன்னுதானே? செங்கோட்டையில இருந்து எம் மவளும் அதத்தான் கேக்கா. ரெண்டும் நல்ல பிள்ளைய. நாம வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேக்கும். மாமரத்துக்கடியில உக்காந்திருக்க நல்லாருக்குன்னு சொன்னா சிரிக்கும்லா? கேசு இருக்க மட்டும் ஒரு பய இதுல கை வைக்க முடியாது."

அன்று முதல் தோப்புக்குள் அவர்கள் அண்ணன் தம்பி. தோப்புக்கு வெளியே பரம வைரிகள். அவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று வீட்டார் அறிந்தால் வழக்கு முடியும்; வழக்கு முடிந்தால் தோப்பு விற்பனையாகும். என் வீட்டைத் தவிர அக்கம்பக்கத்து மனைகள் எல்லாம் ஏற்கெனவே லாட்ஜுகளாகிவிட்டன. ஆகவே, எவர் கண்ணிலும் படாமல் பகையாளிகளாக நீடிப்பது என்பதே அவ்விருவரும் முதுமையில் ஏற்றுக்கொண்ட பணி. அதற்கு நான் ரகசியக் காப்பாளனாக நியமிக்கப்பட்டேன்.

அவர்கள் வீட்டாரே இதற்குத் துணைபுரிந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. "அவர் மாங்காயக் களவாண்டுட்டுப் போயிருவாரு, போயிக் காவலுக்கு இருங்க" என்று ஒவ்வொரு மதியமும் இரு வீட்டு அம்மையாரும் தத்தம் கணவரைத் தூக்குவாளியுடன் அனுப்பிவைத்தார்கள். பெரியவர் முன்வாசல் வழியாக வருவார். சின்னவர் பின்புறம் வாய்க்கால் கரை வழியாக வருவார். ஒரு வாளியில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இருக்கும். மற்றொன்றில் தேங்காய்ப்பால் சொதி இருக்கும். பரிமாற்றம் நடைபெறும். இவ்வாறாக அவ்விரு பெண்மணிகளும் தங்கள் எதிரிக்கு நெடுங்காலம் வயிறார உணவளித்து வந்தனர். எனக்கும் ஒரு பங்கு கிட்டியது என்பதை மறைப்பானேன்.

பகை வாடிவிட்டதாக ஊரார் எண்ணிவிடக் கூடாது அல்லவா? அவ்வப்போது தோப்பு வாசலில் ஒரு சண்டை நடத்த வேண்டியிருந்தது. வசைமொழிகளை இயற்றும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. வாழ்த்து மடல்களில் தேய்ந்த என் பேனாவுக்கு அது புத்துயிர் அளித்தது. 'தந்தையார் நட்ட மரத்தின் நிழலுக்கும் பங்கு கேட்கும் பாதகா!' என்று அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தேன். தம்பிக்கு, 'சீருடையைக் கழற்றிய பின்னும் அதிகாரத்தைக் கழற்றாத அற்பரே!' என்று எழுதினேன்.

ஒத்திகையில் தம்பியின் வசையைக் கேட்டுப் பெரியவர் முகம் சுளித்தார். "இது வேண்டாம்வே. மாத்தும்."

"ஏன் ஏட்டையா, ஓசை நயம் இல்லையா?"

"ஓசையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் நெசமும் இருக்கு. அதான் வேண்டாங்கேன்."

சின்னவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவ்வசை மாற்றப்படவில்லை. மறுநாள் சாலையோரத்தில் சண்டை தொடங்கியபோது டீக்கடைக்காரர் பால் பொங்குவதையும் மறந்து வெளியே வந்தார். எண்ணெய் தேய்த்த உடம்போடு அருவிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வேன் நின்றது. அதிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "சார், ஷூட்டிங்கா?" என்றார்.

"சொத்துத் தகராறுவே!" என்று சீறினார் பெரியவர். "சூட்டிங்காம்லா, சூட்டிங்கு! வண்டிய எடுவே!"

இதனை அவர் கோபத்தோடு சொன்ன விதத்தில் எனக்கே ஒரு கணம் மெய்யாகத்தான் சண்டையோ என்று ஐயம் வந்தது. தோப்புக்குள் திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்படி?" என்பதே.

இனி வெற்றிலைக்கு வருகிறேன். பெரியவருக்குப் பற்கள் விடைபெற்றுவிட்டன. செயற்கைப் பற்களை அவர் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார்; அவை அணிவதற்கு அல்ல, மருத்துவருக்குக் காட்டுவதற்கு. ஆனால் உண்டபின் வெற்றிலை இல்லாமல் அவரால் இருக்க முடியாது. ஆகவே சின்னவர் ஒரு சிறிய இரும்பு உரலைத் தம் துணிப்பையில் வைத்திருந்தார். சின்னவருக்கோ வாய் நிறையப் பல். கரும்பைக் கடித்துத் தோலுரிப்பவர். மதிய உணவு முடிந்ததும் அவர் பாக்கையும் வெற்றிலையையும் சுண்ணாம்பையும் உரலிலிட்டு 'டொக், டொக்' என்று இடிப்பார். பெரியவர் வாசலைப் பார்த்தவாறே, திரும்பாமல், வலக்கையை முதுகுக்குப் பின்னால் நீட்டுவார். இடித்த வெற்றிலை உள்ளங்கையில் வந்து விழும். இருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. நாள்தோறும் நடந்ததால் அது மூச்சு விடுவதைப் போல் ஆகிவிட்டது. நானும் அதைக் கவனிப்பதை விட்டுவிட்டேன். அங்கேதான் மூவரும் ஏமாந்தோம்.

இரு வீட்டாருக்கும் பொதுவான ஓர் உறவினர் இல்லத் திருமணம் வந்தது. இரு தரப்பையும் அழைக்காமல் இருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் பகையுள்ள பங்காளிகளை ஒரே மண்டபத்தில் அமர்த்துவது ஒரு தனிக் கலை. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது. விழித்துவிட்டால் இருவரும் எழுந்து போய்விடுவார்கள், பழி பெண் வீட்டார் தலையில் விழும். எதிரெதிரே அமர்த்தினால் முகம் தெரியும். பக்கத்தில் அமர்த்தினாலும் தெரியும். திருமண வீட்டார் நெடுநேரம் சிந்தித்து, பெரியவரை முன்வரிசையிலும், அவருக்கு நேர் பின்னால் சின்னவரையும் அமர்த்தினார்கள். முன்னவர் மேடையைப் பார்ப்பார், பின்னவர் முன்னவர் பிடரியைப் பார்ப்பார், முகத்துக்கு வேலையில்லை. இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருக்க முடியாதென்று நானும் பாராட்டினேன். மாமர வேரில் அவர்கள் அமரும் முறை இதுவேதான் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

பந்தி முடிந்து மீண்டும் வந்து அமர்ந்தோம். நான் பெரியவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். உண்ட களைப்பு, மின்விசிறிக் காற்று, நாதசுரம். எனக்கே கண் சொருகியது. 'டொக், டொக்' என்று ஓர் ஓசை கேட்டது. தோப்பில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு நான் அரைக்கண் மூடியிருந்தேன். பெரியவர் மேடையைப் பார்த்தவாறே, திரும்பாமல், வலக்கையைப் பின்னால் நீட்டினார். உள்ளங்கையில் இடித்த வெற்றிலை வந்து விழுந்தது. அவர் அதை வாயில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகே மண்டபத்தின் அமைதி என்னை எழுப்பியது. பேச்சு அத்தனையும் நின்றிருந்தது. நாதசுரக்காரர் மட்டும் விவரம் அறியாமல் வாசித்துக்கொண்டிருந்தார். பெரியவரின் மனைவியார் எழுந்து வந்தார். கொழுந்தனாரோடு முகங்கொடுத்துப் பேசாத அந்த அம்மையார், அவர் மடியிலிருந்த உரலைப் பார்த்தார். பிறகு அவர் வாயைப் பார்த்தார்.

"ஒமக்குத்தான் பல்லு எல்லாம் கெட்டியா இருக்கே. உரலு எதுக்கு?"

சின்னவர் உரலைத் துணிப்பைக்குள் தள்ளினார். "சுக்கு... சுக்கு இடிக்க, மைனி."

"கல்யாண வீட்டுல என்ன சுக்கு?"

பெரியவர் நிலைமையைக் காக்க ஒரு கடைசி முயற்சி செய்தார். விருட்டென்று எழுந்து, திரும்பி, விரலை நீட்டி, நான் எழுதிக் கொடுத்த வசையைத் தொடங்கினார். ஆனால் வாய் நிறைய வெற்றிலை. "தந்தழார் நழ்ழ மழத்தின்..." என்ற அளவில் சாறு வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. துப்பினால் தம்பி இடித்ததைத் துப்பியதாகும். அதற்கும் அவருக்கு மனம் வரவில்லை. தம்பி தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பழக்கத்தினாலேயே, அண்ணன் வாயைத் துடைத்துவிட்டார்.

அவ்வளவுதான். பெண்கள் ஓவென்று அழுதார்கள். சின்னவரின் மகள் ஓடி வந்து பெரியப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். பெங்களூர் மகன் சித்தப்பாவைத் தழுவிக்கொண்டான். புகைப்படக்காரர் மணமக்களை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். சின்னவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். 'எத்தனை நாளாக இந்தப் பாசத்தை அடக்கி வைத்திருந்தாரோ' என்று எல்லாரும் உருகினார்கள். அவர் தோப்புக்காக அழுதார் என்பது எனக்கும் பெரியவருக்கும் மட்டுமே தெரியும்.

பிற்பாடு நிகழ்ந்தவை அனைத்தும் அன்பினாலேயே நிகழ்ந்தன. அதுதான் தடுக்க முடியாமற்போனதற்குக் காரணம். குற்றம் சொல்வதற்கு ஒரு கெட்டவன்கூட அகப்படவில்லை. சமரச மனு தயாராயிற்று. பெரியவர் கையெழுத்திடுவதைத் தள்ளிப்போட இடுப்பு வலி, அமாவாசை, மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். இறுதியில் தம்பி மகள் ஒரு டப்பா முந்திரிக்கொத்துடன் வந்து அவரெதிரே அமர்ந்தாள்.

"பெரியப்பா, சின்னப் பிள்ளையில இந்தத் தெருவுல ஒங்க வீட்டுப் பக்கம் திரும்பிப் பாக்காம நடக்கணும்னு எங்களுக்குச் சொல்லி வச்சிருந்தாவ. நானும் அப்படியே நடந்தேன். எம் பிள்ளையாவது ஒங்க வாசல்ல வெளாடட்டுமே."

பெரியவர் கையெழுத்திட்டார். அன்று மாலை அவர் என்னிடம், "அந்தப் பிள்ள மூஞ்சியப் பாத்துக்கிட்டு மரம்தான் வேணும்னு எவன்வே சொல்லுவான்?" என்று மட்டும் கேட்டார். எவனும் சொல்லமாட்டான் என்றேன்.

ஆயினும் பத்திரப் பதிவுக்கு முன்பாக இருவரும் ஒரு புதிய சண்டையை மூட்டிப் பார்த்தார்கள். தெரு நடுவில், முழுக்குரலில், என் புதிய வசைகளுடன். வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று ரசித்தார்கள். "பாரேன், சின்னப் பிள்ளைய மாதிரி வெளாடுதாவ!" என்று கைதட்டினார்கள். பிறகு எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பெரியவரின் மனைவியார், பகை மூண்ட பின் முதன்முறையாக, கொழுந்தனாருக்கு உளுந்தஞ்சோறு பரிமாறி, "எப்படி இருக்கு?" என்று வினவினார்.

"எப்பவும் போல இல்ல மைனி. உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார் சின்னவர், சிந்தனை எங்கோ இருக்க.

அம்மையார் கரண்டியோடு அப்படியே நின்றார். அவர் பார்வை தம் கணவரிடம் சென்றது. பெரியவர் சோற்றில் எதையோ தேடினார். பிறகு அப்பார்வை என்னிடம் வந்தது. நான் வீட்டில் வேலை இருப்பதாகக் கூறி எழுந்துவிட்டேன்.

தோப்பு விற்பனையாயிற்று. பொக்லைன் வந்த நாளில் நான் கொல்லைக் கதவைத் திறக்கவில்லை. திறக்காமலே எல்லாம் கேட்டது. மாமரம் விழும் ஓசை இடியைப் போலிருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன், அப்படி இல்லை. ஒரு பெரிய குடும்பம் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டதைப் போல் இருந்தது. குரங்குகள் என் மொட்டை மாடிக்குக் குடிபெயர்ந்தன. என் மனைவி காயவைத்த வற்றல் அனைத்தும் அவற்றின் மறுவாழ்வு நிதிக்குச் சென்றது. வாசலில் நின்றுகொண்டிருந்த சாலையின் இரைச்சல், இப்போது தாராளமாக உள்ளே வந்து என் படுக்கையறையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

சகோதரர் இருவரும் இனி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் தாராளமாகப் போகலாம், வரலாம். போனார்கள், வந்தார்கள். சோபாவில் அருகருகே அமர்த்தப்பட்டார்கள். காப்பி வந்தது. தொலைக்காட்சியில் நெடுந்தொடர் ஓடியது. பேச ஒன்றும் இல்லை. தோப்பில் ஓர் இலை விழுந்தாலே அதைப் பற்றி அரை மணி நேரம் விவாதித்த இருவரும், "மழை உண்டா?", "இல்லை" என்ற அளவில் முடித்துக்கொண்டார்கள். மூன்றாவதாக நானும் அங்கே அமர்ந்து பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் பெரியவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "எடம் பாத்துல்லாலே இடிச்சிருக்கணும்."

சின்னவர் தம்ளரை வைத்தார். "கைய நீட்டினது யாரு?"

"நான் நீட்டினா? நீ வைக்காம இருந்திருக்கலாம்லா?"

"நீட்டின கைய வெறுங்கையாவா விடச் சொல்லுதே?"

"அந்த ஒரு நாளு விட்டிருந்தேன்னா மரம் நின்னிருக்கும்லே!"

சின்னவர் எழுந்து போய்விட்டார். துண்டைக்கூட எடுக்கவில்லை. இம்முறை வசை எதுவும் என்னுடையதன்று. ஆகவே அது மெய்யான சண்டை என்பதை உடனே உணர்ந்தேன். தோப்பை இழந்தது யார் கையால் என்பது அவ்விருவருக்கும் நடுவில் வந்து அமர்ந்துவிட்டது. வாரங்கள் கடந்தன. தெருவில் எதிர்ப்பட்டால் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டாரோ, "மறுபடி ஆரம்பிச்சிட்டாவ வெளாட்ட!" என்று சிரித்தார்கள். பொய்ப் பகையை மெய்யென நம்பி ஒரு காலம் முழுவதும் வருந்தியவர்கள், மெய்ப் பகை வந்தபோது அதைப் பொய்யென்று கொண்டாடினார்கள். நான் இரு வீட்டுக்கும் நடந்து நடந்து சமாதானம் பேசினேன். "வே, நீரு ஒம்ம சோலியப் பாரும்" என்று இருவரும் ஒரே சொற்களில் விடை தந்தனர். அதில் மட்டும் ஒற்றுமை இருந்தது.

அடுத்த சாரலில் லாட்ஜ் திறப்பு விழா. நிலம் தந்தவர்கள் என்ற முறையில் இருவருக்கும் பொன்னாடை போர்த்த அழைப்பு வந்தது. குடும்பங்கள் பட்டுடுத்திப் புறப்பட்டன. பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் எனக்கும் ஓர் இருக்கை. வரவேற்புக் கூடத்தில் சகோதரர் இருவரும் அருகருகே, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவர் முழுவதும் பிளாஸ்டிக் இலைகள். நடுவில் பிளாஸ்டிக் மாமரம் ஒன்று. அதில் ஒரே அளவில், ஒரே நிறத்தில் பழங்கள். ஊழியர் ஒருவர் ஏணியில் ஏறி, நனைந்த துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, திரும்பாமலே, "ஏலே," என்றார்.

சின்னவர் இன்னும் சற்று மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏலே, அவன் எலைக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுதாம்ல. நம்ம அப்பா நம்மளையே அப்படிக் குளிப்பாட்டினது கெடையாது."

சின்னவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பொன்னாடை போர்த்த வந்த முதலாளி, முதியவர் நெகிழ்ந்துவிட்டார் என்று கருதி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

கை கழுவும் இடம் மாடியில், கட்டடத்தின் பின்புறம். மூவரும் அங்கே சென்றபோது, சன்னல் வழியாகச் சின்னவர் வெளியே பார்த்தார். லாட்ஜின் பின்சுவருக்கும் வாய்க்காலுக்கும் இடையே ஒரு நீண்ட துண்டு நிலம் பசேலென்று கிடந்தது. அதில் ஒரு நாவலும் சில பூவரசுகளும் சாரலில் நனைந்துகொண்டிருந்தன.

"அண்ணே, அளக்கும்போது சர்வேயர் நம்ம தோப்புப் பின்சுவரு வரைக்கும்தானே சங்கிலி புடிச்சான்?"

"ஆமா."

"அந்தப் பக்கம் வாய்க்கா வரைக்கும் அப்பா பேருலதானே கெடக்கு?"

பெரியவர் சன்னலருகே வந்தார். பணியில் இருந்த காலத்தில் அவர் கண்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை அப்போதுதான் கண்டேன். "நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவுல கெடக்குலே," என்றார் மெதுவாக. "பங்கு பிரிக்கல. எவனும் கேக்கவும் இல்ல."

"மவனுக்குத் தெரிஞ்சா?"

"தெரியும். இன்னிக்கு இல்லன்னா நாளைக்குத் தெரியும். அதுக்கு முன்ன கேசப் போட்டிரணும்."

"பிள்ளைய வருத்தப்படும்லா?"

"பிள்ளைகளுக்குப் போக்குவரத்து உண்டு, சாப்பாடு உண்டு, எல்லாம் உண்டு. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் ஆகாது."

சின்னவர் குரலைத் தாழ்த்தினார். "சேந்து போடுவமா, தனித்தனியாவா?"

"தனித்தனியாத்தாம்ல. சேந்து போட்டா முடிஞ்சிருமே."

கீழேயிருந்து பெரியவரின் மனைவியார் குரல் வந்தது: "ரெண்டு பேரும் அங்கன என்ன செய்யுதிய? பாயசம் ஆறுது!"

பெரியவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் கடுகடுப்பை வரவழைத்துக்கொண்டு முதலில் படியிறங்கினார். சின்னவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, சற்று இடைவெளி விட்டு, வேறொரு படிக்கட்டு இருக்கிறதா என்று ஊழியரிடம் விசாரிக்கச் சொன்னார்.